புளியமரத்துப் பேய்

ஒரு சின்னக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1971ம் வருஷம் மே மாதம் வாஷிங்டனில் ஓர் அறிக்கை வெளியானது. கொடுத்தவர்கள் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள். ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி. ஒருவர் அதிபர் நிக்சனின் குடியரசுக் கட்சி. மற்றவர் ஜனநாயகக் கட்சி. ஹெராயின் எங்கிருந்து வருகிறது என்று ஊர் ஊராகப் பார்த்துவரப் போனவர்கள், வியட்நாமில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டார்கள்.

அறிக்கையின் சாரம் ஒற்றை வரி. வியட்நாமில் இருக்கும் அமெரிக்க வீரர்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை.

அப்போது அங்கே இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். பெருக்கிப் பார்த்தால் இருபத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்து முப்பத்தேழாயிரம் வரைக்கும் போகிறது. அத்தனை பேரும் இருபது வயதை ஒட்டிய பையன்கள். அத்தனை பேருக்கும் துப்பாக்கி சுடத் தெரியும். அத்தனை பேரும் இன்னும் சில மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வரப்போகிறார்கள்.

நிக்சனுக்குத் தூக்கம் போனதில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு முன்னால் ஹெராயின் என்ற வஸ்துவின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. தெருவில் பிறந்த சரக்கல்ல இது. மருந்துக் கடையில் பிறந்தது. 1874ல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியல் நிபுணர் மார்ஃபினை வைத்து ஏதோ செய்துபார்க்க, இது வந்து விழுந்தது. அவர் அப்படியே விட்டுவிட்டார். 1897ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் மறுபடியும் அதைச் செய்தார். அதே ஆகஸ்ட் மாதத்தில், இதற்குச் சில நாள் முன்னால் அவர் செய்துவைத்த இன்னொரு சரக்கின் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பிரின்.

1898ல் இருமல் மருந்தாக ஹெராயின் விற்பனைக்கு வந்தது. மார்ஃபின் மாதிரி அடிமைப்படுத்தாது என்று நம்பி மருத்துவர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். நம்பிக்கை பொய்யாகச் சில வருடங்கள் பிடித்தன. 1913ல் பேயர் உற்பத்தியை நிறுத்தியது. 1914ல் அமெரிக்கா ஹாரிசன் சட்டம் கொண்டுவந்தது. 1919ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஓர் அடிமையை அவஸ்தையில்லாமல் வைத்திருப்பதற்காக மட்டும் மார்ஃபின் எழுதித் தருவது மருத்துவமே ஆகாது என்று சொல்லிவிட்டது. அதோடு டாக்டர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நோயாளி குற்றவாளி ஆனான். சரக்கு தெருவுக்குப் போனது.

ஐம்பது வருஷம் கழித்து அதே சரக்கு வியட்நாமில் வந்து நின்றது. பர்மா, லாவோஸ், தாய்லாந்து சந்திக்கும் தங்க முக்கோணத்தின் அபின் வயல்களிலிருந்து வந்த சரக்கு. நாலாம் நம்பர் ஹெராயின் என்பார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சுத்தம். அன்றைக்கு நியூயார்க் தெருவில் கிடைத்ததில் பத்து சதவீதம் ஹெராயின் இருந்தாலே அதிகம். மீதியெல்லாம் கலப்படம்தான்.

சுத்தம் அதிகம் என்பதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஊசி தேவையில்லை. சிகரெட்டில் கொஞ்சம் புகையிலையை உதிர்த்துவிட்டுப் பொடியை அடைத்தால் போதும். ஊசி என்றால் பயப்படுகிற பையன்கூட சிகரெட் என்றால் வாங்கிக்கொள்வான். கஞ்சா மாதிரி வாசனை ஊரைக் கூட்டாது. அதிகாரி பக்கத்தில் வந்து நின்றாலும் தெரியாது. விலையும் மலிவு. சைகோனிலிருந்து லாங் பின் ராணுவ முகாமுக்குப் போகும் நெடுஞ்சாலையில், நம் ஊரில் வெள்ளரிப் பிஞ்சு விற்பதுபோல் சின்னப் பெண்கள் உட்கார்ந்து விற்றதாக ஆல்ஃபிரட் மெக்காய் எழுதியிருக்கிறார். அந்தச் சமயத்தில் நேரே அங்கு போய் விசாரித்துப் புத்தகம் போட்டவர் அவர்.

அதை உள்ளே இழுத்தால் என்ன ஆகும்?

பி.காம் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். இது கந்துவட்டிக் கடன்.

நம் மூளையிலேயே வலியைத் தணிக்கிற, மனத்தை அமைதிப்படுத்துகிற சொந்தச் சரக்கு கொஞ்சம் உண்டு. சிக்கனமாகத்தான் சுரக்கும். அது போய் உட்காருகிற அதே நாற்காலியில் ஹெராயின் போய் உட்காருகிறது, பல மடங்கு பலத்தோடு. வலி இல்லை, பயம் இல்லை, கவலை இல்லை. கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும். குடல் மந்தமாகும். மூச்சு மெதுவாகும். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றே போகும். ஹெராயின் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சில வாரம் போனால் உடம்பு இந்த வெளிவரவுக்குப் பழகிவிடும். நேற்றைய அளவு இன்றைக்குப் போதாது. அசல் அப்படியே நிற்க, வட்டி ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் கட்டத் தவறினால் அடியாள் வீட்டுக்கு வந்துவிடுவான். கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சு, வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். இந்தக் கட்டத்தில் அவன் பொடி தேடி ஓடுவது சந்தோஷத்துக்காக அல்ல. அடியாளைத் திருப்பி அனுப்புவதற்காக.

இப்படிப்பட்ட கடனாளிகள் பல்லாயிரம் பேர் ராணுவ விமானத்தில் ஏறி வரப்போகிறார்கள் என்றால் நிக்சன் என்ன செய்வார், பாவம்.

1971 ஜூன் 17 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டினார். போதைதான் அமெரிக்காவின் முதல் எதிரி என்று அறிவித்தார். போதைக்கு எதிரான யுத்தம் என்று பின்னால் உலகமெல்லாம் பேசப்பட்டது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். ஆனால், பலர் மறந்துவிட்ட சங்கதி ஒன்று உண்டு. அந்த யுத்தத்துக்கு அவர் முதலில் கூப்பிட்டது போலீஸ்காரரை அல்ல. சிகாகோவிலிருந்து ஒரு மனநல மருத்துவரை. ஜெரோம் ஜாஃபி. அன்றைக்கு ஒதுக்கிய பணத்திலும் பெரும்பங்கு சிகிச்சைக்கும் தடுப்புக்கும்தான் போனது.

ஜாஃபி சொன்ன யோசனை ரொம்ப எளிமையானது. ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீரனும் சிறுநீர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேறினால் ஊருக்குப் போகலாம். தேறாவிட்டால் ஜெயில் கிடையாது, ராணுவ நீதிமன்றம் கிடையாது. அங்கேயே தங்கி உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு கிளம்ப வேண்டியது. வீட்டுக்குப் போவது சில நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான் தண்டனை.

வருஷம் பூராவும் நாட்காட்டியில் தேதி கிழித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று ஜாஃபிக்குத் தெரிந்திருந்தது. சேதி பரவியதும், பரிசோதனைக்கு முன்னால் தாங்களாகவே நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம். ராணுவத்தில் இதற்கு வைத்த செல்லப் பெயர், தங்க ஓட்டம். என்ன ஓடியது என்று விளக்க வேண்டாமல்லவா?

சரி, ஊருக்கு வந்தார்கள். பிறகு?

அதைக் கண்டுபிடிக்கும் வேலை லீ ராபின்ஸ் என்ற பெண்மணியிடம் வந்தது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1971 செப்டம்பரில் திரும்பி வந்த வீரர்களில் சுமார் 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தது. பேட்டி முடிந்ததும் ஒரு குப்பியில் சிறுநீரும் கேட்டது. வாய் பொய் சொல்லலாமல்லவா?

கிடைத்த விடை இது. ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகவே இருந்திருக்கிறார். ஸ்டீலும் மர்ஃபியும் சொன்னதைவிட அதிகம். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இத்தனைக்கும் அவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வந்தபிறகு ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தவர்கள். பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை.

யாரும் நம்பவில்லை. அரசாங்கத்துக்காகப் பூசி மெழுகுகிறார் என்றார்கள். கணக்கில் தப்பு என்றார்கள். காரணம் இருந்தது. ஹெராயின் விஷயத்தில் அதுவரை அமெரிக்கா பார்த்த கணக்கே வேறு.

அந்தக் கணக்குக்கு கென்டக்கி மாநிலத்துக்குப் போகவேண்டும்.

1935ல் லெக்சிங்டன் அருகே அமெரிக்க அரசு ஒரு பெரிய மருத்துவமனை கட்டியது. பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில். சுற்றிலும் ஆயிரம் ஏக்கர் பண்ணை. தண்டனை பெற்று வந்தவர்களும் இருப்பார்கள், தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள். பால் கறப்பார்கள், விவசாயம் பார்ப்பார்கள், தச்சு வேலை செய்வார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு. ஜாஸ் மேதைகள் வந்து தங்கி வாசித்திருக்கிறார்கள். 1955ல் வந்த சோனி ராலின்ஸ் குணமாகித் திரும்பி, அதன்பின் பல பத்தாண்டு உலகப் புகழோடு வாசித்தார்.

ஆனால் ராலின்ஸ்கள் குறைவு. அங்கே சிகிச்சை முடிந்து நியூயார்க் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1962ல் வெளிவந்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி அடிமை. அதுவும் பெரும்பாலும் ஆறே மாதத்துக்குள்.

ஏன்? அங்கே பணிபுரிந்த ஏப்ரகாம் விக்லர் என்ற மருத்துவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பொடியை விட்டுப் பல மாதம் ஆன ஆசாமிகள். உடம்பில் ஒரு துளி இல்லை. கூட்டமாக உட்கார்ந்து பழைய போதைக் கதைகளைப் பேச ஆரம்பித்தால் போதும், கொட்டாவி வருகிறது. மூக்கு ஒழுகுகிறது. கண்ணில் நீர் கோக்கிறது. முதல் நாள் விட்டவனுக்கு வருகிற அத்தனையும் வெறும் பேச்சிலேயே வந்துவிடுகிறது. மணிச் சத்தம் கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் கதைதான். பழைய தெருமுனை, பழைய சிநேகிதன், பழைய தீப்பெட்டி. எல்லாமே மணி.

நம் கிராமங்களில் பேய் பிடித்தவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடிப்பார்கள். பேய் இறங்கிவிடும். அவன் திரும்பி அதே புளியமரத்து அடி வழியாக வீட்டுக்கு வந்தால்? பேய் மரத்திலேயேதான் இருக்கும்.

லெக்சிங்டன் ஆட்கள் புளியமரத்துக்கே திரும்பி வந்தார்கள். வியட்நாம் வீரர்களோ புளியமரத்தை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். ஊரில் காத்திருந்தது அம்மா, காதலி, வேலை, பேஸ்பால் மைதானம். எதிலுமே அந்தப் பொடியின் ஞாபகம் இல்லை. பொடி விலையும் அதிகம், தரமும் மட்டம், ஊசி வேறு போடவேண்டும். இது ஒன்றுதான் காரணம் என்று ராபின்ஸ் சொல்லவில்லை. ஆனால் அடிமைத்தனம் என்பது பொடிக்குள் மட்டும் இல்லை, ஆளுக்குள் மட்டும் இல்லை, அவன் நிற்கிற இடத்திலும் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன். நன்றாகப் பாடுவான். அக்கவுண்டன்சி பரீட்சைக்கு முந்தைய ராத்திரி எங்கள் நாலு பேருக்குச் சேர்த்து அவன்தான் பாடம் நடத்துவான். பிரவுன் சுகர் என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அவனுடைய அப்பா வாயிலிருந்து. அழுதுகொண்டே சொன்னார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பையனை மாடி அறையில் போட்டுப் பூட்டினார். பத்து நாள் சத்தம் போட்டான். பதினோராம் நாள் அடங்கினான். அத்தை வீட்டுக்குக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துக் கன்னமெல்லாம் சதை போட்டுத் திரும்பி வந்தான். அப்பா எங்களுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்தார்.

வந்த மூன்றாவது நாள் பழைய டீக்கடைப் பக்கம் போயிருக்கிறான். பழைய ஆள் நின்றிருக்கிறான். பழைய அளவையே வாங்கியிருக்கிறான்.

அந்த அளவைத் தாங்குகிற சக்தி மூன்று மாதத்தில் உடம்பை விட்டுப் போயிருந்தது. அவனுக்கு அது தெரியாது. அவன் அப்பாவுக்கும் தெரியாது. சொல்வதற்கு அந்த வீட்டுக்குள் ஒரு டாக்டர் காலடி எடுத்து வைத்திருக்கவில்லை. மறுநாள் காலை எங்களுக்குச் சேதி வந்தது.

பொடியை விட்டவனுக்கு மிக ஆபத்தான காலம், விட்ட முதல் சில வாரங்களும் மாதங்களும்தான் என்று இன்றைக்கு எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்படியானால் புளியமரத்தடியிலேயே குடியிருக்க வேண்டியவனுக்கு என்னதான் வழி? எல்லோருக்கும் எட்டாயிரம் மைல் வாய்க்குமா?

வழி தேடியவர்கள் இருந்தார்கள். மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவர் லெக்சிங்டனில் வேலை பார்த்து வெறுத்துப்போய் வந்தவர். போதைக்கு அடிமையானவனை நோயாளியாகப் பாருங்கள் என்று 1956லேயே புத்தகம் எழுதியவர். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வின்சென்ட் டோல் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அவரைத் தேடிப் போனார். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார் என்பது உபகதை.

இருவரும் முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபினையே கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்று நாற்காலியில் சுருண்டு கிடந்தார்கள். மெதடோனுக்கு மாற்றினார்கள். ஜெர்மனியில் முப்பதுகளின் கடைசியில் கண்டுபிடித்த வலி நிவாரணி அது. வாய்வழியாகக் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தால் ஒரு நாள் முழுக்க நிற்கும். சரியான அளவு என்றால் கிறக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. நாற்காலியில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் படிக்கப் போகிறேன் என்றார். 1965ல் இருபத்திரண்டு நோயாளிகளின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஜாஃபி சிகாகோவில் நடத்திய சிகிச்சையிலும் இந்த மெதடோனுக்கு முக்கிய இடம் இருந்தது.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா? அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். பி.காம் பாஷையிலேயே பதில் சொல்கிறேன். கந்துவட்டிக் கடனை பேங்க் கடனாக மாற்றுவது இது. கடன் தீரவில்லைதான். ஆனால் மாசா மாசம் தவணை என்ன என்று தெரியும். அடியாள் வரமாட்டான். வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். மெதடோனும், அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான புப்ரினார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற புப்ரினார்ஃபின் மாத்திரை இந்தியாவிலும் மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுகிறது.

எதற்கு இத்தனை சரித்திரம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டிலோ, எதிர்வீட்டிலோ ஒரு மாடி அறை பூட்டியிருக்கலாம் என்பதற்காக.

பூட்டைத் திறங்கள். பத்து நாள் அடங்கிக் கிடப்பது சிகிச்சை அல்ல, சிகிச்சைக்கு முந்தைய பத்து நாள். அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் சிகிச்சை. அதற்கு மருந்து வேண்டும், பேசுவதற்கு ஆள் வேண்டும், போக ஒரு வேலை வேண்டும், பழைய டீக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வர இன்னொரு பாதை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் விசாரித்தால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். சங்கிலியால் கட்டி வைத்து அடித்துத் திருத்துகிறோம் என்று யாராவது சொன்னால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். சங்கிலியில் கட்டுவதை 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

போலீஸ் பயமா? நம்முடைய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985ல் வந்தது. கடுமையான சட்டம்தான். ஆனால் அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிக்கொண்ட அடிமை, அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவனுக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுசாக முடிக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை.

1971ல் ஜாஃபி அந்தப் பையன்களிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். குணமாகிக்கொள், வீட்டுக்குப் போகலாம்.

என் சிநேகிதனிடம் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. இத்தனைக்கும், அவன் இருந்ததே வீட்டில்தான்.